மூடியின் மேல் நூல்

ஜெசிந்தா கண்களை மூடியிருந்தாள், ஆனால் தூங்கவில்லை. தூங்குவதுபோல் கிடப்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும், அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. மூச்சு மிகச் சீராக இருந்தால் சந்தேகம் வரும், இமைகள் இறுகியிருந்தாலும் வரும். ஆகவே இடையிடையே மூச்சைச் சற்றே தடுக்கவிட்டு, வாயைச் சிறிது திறந்து வைத்து, ஒரு கையைக் கன்னத்தின் அடியில் கொடுத்து, பின்னறைக்கு முன்னால் உள்ள நடைவழியில், கட்டிலில், கதவைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். கதவை அவளேதான் ஒரு சாண் திறந்து வைத்திருந்தாள். அந்த இடுக்கின் வழியே பின்னறைக் கண்ணாடித் தொட்டியின் ஒரு மூலை தெரியும், அதன் மூடி தெரியும், மருந்து வைத்த அலமாரியின் கைப்பிடி தெரியும், அவ்வளவு போதும். அடுக்களையில் மதினி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதினி என்பது அமலோற்பவம், போன ஆண்டு இறந்துபோன கிளமென்ட் அண்ணனின் மனைவி, இந்த வீட்டில் இப்போது மிஞ்சியிருக்கும் இரண்டாவது ஆள். பாத்திரம் தேய்க்கும் ஓசைகூட இன்று வழக்கத்தைவிட மெதுவாக இருப்பதாக ஜெசிந்தாவுக்குப் பட்டது. ஒருவரை எழுப்பிவிடக் கூடாது என்று நினைப்பவள்தான் இவ்வளவு மெதுவாகத் தேய்ப்பாள். ஏன் எழுப்பிவிடக் கூடாது? பரிவினாலா? பரிவு என்றால் சாப்பாட்டு வேளையில் அந்தப் பேச்சு எதற்கு? சீலாமீன் குழம்பை ஊற்றும்போது, "பயப்படாம தின்னு ஜெசி, இது உன் துரைக்குச் சொந்தக்காரன் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாளே. சிரிப்பு. அதற்குப் பின்னால் என்ன இருந்தது? பின்னறையில் காற்றுக்குழாய் குமிழ் விட்டது, விட்டது, ஒரு கணம் நின்றது, மறுபடியும் விட்டது. 

துரை என்பது மீன். கருநீல உடம்பில் மஞ்சள் வரிகள் வளைந்தோட, கண்ணின் குறுக்கே முகமூடிபோல் ஒரு கறுப்புப் பட்டையோடு, கூடத்துப் பெரிய தொட்டியில் அது ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடக்கும். நீந்தும் என்று சொல்ல முடியாது, நடக்கும், மேற்பார்வை பார்க்க வந்த அதிகாரியைப்போல். துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டிய அண்ணன்தான் அந்தப் பெயரை வைத்தான். உப்புநீர் மீன் வளர்ப்பது அவனுடைய ஒரே ஆடம்பரம். கடலில் பகலெல்லாம் கழித்துவிட்டு வந்து, கூடத்தில் இன்னொரு கடலைக் கட்டி அதன்முன் உட்கார்ந்துகொள்ளும் மனிதன். அவன் போனபின் அந்தக் கடல் ஜெசிந்தாவின் பொறுப்பாயிற்று. அவள் பொறுப்பில் அது நோய் கண்டது. முதலில் ஒரு மீனின் துடுப்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் புள்ளிகள் இல்லை. அப்பாடா என்று அவள் நிம்மதியடைந்தாள். அந்த நிம்மதிதான் தவறு, புள்ளிகள் உதிர்வது குணமாவதற்காக அல்ல, மணலில் விழுந்து பல மடங்காகப் பெருகித் திரும்பி வருவதற்காக என்று பிறகுதான் தெரிந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் போயின. கத்திவாலன் மீனும் போயிற்று. துரை மட்டும் மூச்சு வாங்க மிஞ்சியது. மீன்கடை ஆன்ட்ரூஸ் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இத தனியா எடுத்து வேற தொட்டியில போட்டு செம்பு மருந்து குடுங்க. பெரிய தொட்டில மீனே இருக்கக் கூடாது. தொத்திக்க மீனு ஒடம்பு கிடைக்காம அந்தக் கிருமி பட்டினி கிடந்து சாவணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். துரை பின்னறைச் சிறு தொட்டிக்குப் போயிற்று. அதனால் கூடத்துத் தொட்டியில் இப்போது விளக்கு எரிகிறது, நீர் ஓடுகிறது, மீன் இல்லை. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, இழவு வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்துகிறார்கள். "காலியாக் கெடக்கே" என்று மதினியும் ஒரு நாள் சொன்னாள். "காலி இல்ல மதினி, பட்டினி போட்டிருக்கு" என்று ஜெசிந்தா திருத்தினாள். மதினி தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன கணக்குப் போட்டுக்கொண்டு நின்றாள்?

கணக்கு என்ன என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும், அதுதான் இந்த விவகாரத்தில் அவளை உறங்கவிடாத இடம். வெளிநாட்டிலிருக்கும் மகன் ரோஷனோடு மதினி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த அன்று, ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டுதான் அவள் எப்போதும் பேசுவாள், காது மந்தமாம், ஜெசிந்தா மாடிப்படியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் இங்கே வந்துவிடுங்கள் என்றான் அவன். அத்தையைப் பற்றிக் கவலை வேண்டாம், கன்னியர் மடத்து இல்லத்தில் நல்ல அறையாகப் பார்க்கலாம் என்றான். கெட்ட பிள்ளை இல்லை அவன். நல்ல அறை என்று சொன்னான். அந்த 'நல்ல' என்ற சொல்லில்தான் அவள் மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள். இந்த வீட்டில் பிறந்து, இந்த வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வந்து, இந்த வீட்டின் எந்தப் படியில் எந்த இடத்தில் காரை பெயர்ந்திருக்கிறது என்பதை இருட்டில் காலால் அறிந்தவளுக்கு ஓர் அறை, நல்ல அறை. அதற்கு மதினி சொன்ன பதிலை அவள் இன்றுவரை ஒரு சொல்லும் மாறாமல் வைத்திருக்கிறாள்: "அப்பா வளத்த மீனு இருக்குல்ல. அதெல்லாம் போவட்டும், பொறவு பாத்துக்கலாம்." போவட்டும். போகட்டும் என்றால், போக வேண்டும் என்ற விருப்பமா, போனால் என்ற நிபந்தனையா, அல்லது வெறும் பேச்சா? அந்த ஒரு சொல்லை அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் அடியில் இருப்பது ஒன்றுதான்: துரை இருக்கும்வரை வீடு இருக்கும். துரை செத்தால் நல்ல அறை.

மருந்து ஊற்றுகிறாள், மருந்து காணாமல் போகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? கண்ணாடிக் குழலில் தொட்டி நீரை எடுத்து, சோதனைச் சொட்டுகளை விட்டுக் குலுக்கி வைத்தால், நீர் மெல்ல நீலம் பாரிக்கும். அந்த நீலத்தை அட்டையில் உள்ள கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். மூன்றாம் கட்டத்து நீலம் இருந்தால் கிருமி சாகும், மீன் பிழைக்கும். இரண்டாம் கட்டம் என்றால் கிருமி சிரித்துக்கொண்டிருக்கும். நான்காம் கட்டம் என்றால் கிருமியோடு மீனும் போய்விடும். செம்பு அப்படி, அருளுக்கும் சாவுக்கும் நடுவே அது விடுகிற இடைவெளி ஒரு நீலத்துக்கும் அடுத்த நீலத்துக்கும் உள்ள இடைவெளிதான். காலையில் அவள் அளந்து ஊற்றினால் மூன்றாம் கட்டத்தில் நிற்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் இரண்டு. இன்றும் இரண்டு. ஆவியாகப் போகிற பொருளா அது? மீன் குடித்துத் தீர்க்கக்கூடியதா? இல்லையே. அப்படியானால் ஒரே ஒரு வழிதான் உண்டு. யாரோ மருந்து நீரை முகந்து வெளியே ஊற்றிவிட்டு, அந்த அளவுக்கு மருந்தில்லாத நீரை ஊற்றிவைக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. இந்த வீட்டில் யாரோ என்று சொல்வதற்கு எத்தனை பேர்? உப்பு கரைத்த நீர் வாளி நிறைய, மூடி போட்டு, எப்போதும் தயாராகத்தான் இருக்கிறது. அவளே கரைத்து வைப்பது. "தூத்துக்குடியில பொறந்துட்டு, உப்பக் கடையில பொட்டணம் போட்டு வாங்கிக் கடத்தண்ணி காச்சுதவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று மதினி பக்கத்து வீட்டுக்காரி காது கேட்கச் சொன்னது அந்த வாளியைப் பார்த்துத்தான். மருந்துப் புட்டியும் அப்படி. அவள் ஊற்றியதற்குமேல் அதில் மட்டம் இறங்குகிறது. முகந்து கொட்டுவது போதாது என்று புட்டியிலிருந்தும் கொட்டுகிறாள் போலும். சாக்கடையில் செம்பு ஓடுகிறது.

முப்பது ஆண்டுக்காலம் கப்பல் முகவர் அலுவலகத்தில் சரக்குப் பெட்டிகளின் முத்திரையைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவள் அவள். முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பவன் பாதி வேலைக்காரன். இருக்கிற முத்திரை நாம் போட்ட முத்திரைதானா என்று பார்ப்பவனே முழு வேலைக்காரன் என்பாள். ஆகவே தொட்டியின் மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை நூலை, இரு முனையிலும் மாவுப் பசை தொட்டு, ஒட்டிவைத்தாள். யாராவது திறந்தால் அறும். முதல் நாள் அறவில்லை. இரண்டாம் நாளும் அறவில்லை. ஆனால் நீலம் இறங்கியிருந்தது. அறாத நூலும் இறங்கிய நீலமும் ஒரே தொட்டியில் எப்படி இருக்க முடியும்? மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். நூல் இருந்தது. இருந்த நூல் சற்றே பழுப்பாக இருந்தது. ஈரக்காற்றில் பழுத்திருக்குமோ? ஒரு பகலுக்குள்ளா? அவள் ஒட்டியது தையல் நூல், இது கொஞ்சம் தடிப்பு, மெத்தை தைக்கிற நூல்போல். அல்லது அவள் கண்தான் தடித்துக் காட்டுகிறதோ? அந்த இடத்தில் அவள் எண்ணம் சிக்கிக்கொண்டது. நூலை மாற்றி ஒட்டுகிற அளவுக்குப் போகிற ஒருத்தி எதற்குத்தான் போகமாட்டாள்? அல்லது, நூல் மாறியிருக்கிறது என்று நினைக்கிற அளவுக்குப் போய்விட்ட ஒருத்தி எதைத்தான் நினைக்கமாட்டாள்? இந்த இரண்டாவது கேள்வி வந்ததும் அவள் புரண்டு படுக்க விரும்பினாள். தூங்குகிறவள் அப்படித் திடீரென்று புரளமாட்டாள் என்பதால் புரளவில்லை.

அடுக்களையில் குழாய் நின்றது. ஈரக் கையை முந்தானையில் துடைக்கும் இடைவெளி. பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத ஓசையைக் கேட்டுக்கொண்டு கிடப்பது கடினம். அதற்குள் வேறு ஓசைகள் வந்து புகுந்துகொள்கின்றன. அண்ணனின் கடைசி மாதங்களில் இதே கட்டிலில்தான் அவன் கிடந்தான். இதே கதவைப் பார்த்துத்தான். மாத்திரை கொடுப்பது மதினியின் வேலை, அதில் அவள் யாரையும் விட்டதில்லை. ஜெசிந்தா ஒரு நாள் தண்ணீரும் மாத்திரையுமாகப் போனபோது, "நீ வையி, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாங்கிக்கொண்டாள். அடக்கம் முடிந்து மெத்தையை வெயிலில் போடத் தூக்கியபோது, தலைமாட்டில், உறைக்கும் பஞ்சுக்கும் நடுவில், பிரித்தெடுத்த மாத்திரைகள். ஊறி, உலர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி. அவள் அவற்றை யாருக்கும் காட்டவில்லை. காட்டினால் என்ன கேட்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் காட்டவில்லை. மதினி கொடுக்காமல் ஒளித்தாளா? கொடுத்ததை அவன் துப்பினானா? துப்புகிறவன்தான் அவன், சின்ன வயதில் விளக்கெண்ணெயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கிணற்றடி வரை ஓடுகிறவன். ஆனால் அது சின்ன வயது. ஆனால் அவன் எப்போது பெரியவன் ஆனான்? ஆனால் மதினி ஏன் பிறரை விடவில்லை? இந்த 'ஆனால்'களின்மேல் அவள் ஓராண்டாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். மருந்து எங்கே போகிறது என்ற கேள்வி இந்த வீட்டுக்குப் புதிதல்ல. ஆள்தான் மாறியிருக்கிறது, படுக்கை நீராக மாறியிருக்கிறது.

பாவம் துரை. அந்த வெற்றுக் கண்ணாடித் தொட்டியில் வந்த முதல் நாள் அது பட்ட பாடு. அடியில் மணல் கிடையாது, கல் கிடையாது. "கல்லு, மணலு எதுவும் போடக் கூடாதுக்கா, வெறுந்தொட்டியாத்தான் இருக்கணும்" என்று ஆன்ட்ரூஸ் சொல்லியிருந்தான். ஏன் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அவளுக்கு எப்போதுமே இருந்ததில்லை. நோய்க்கிருமி மணலில்தான் பெருகும், கல்லிடுக்கில்தான் ஒளியும், ஆகவே வேண்டாம் என்கிறான். இதைக்கூடவா ஒருவன் விளக்க வேண்டும்? ஒளிய இடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனான். துரை அதன் பக்கமே போகவில்லை. கண்ணாடியில் தன் நிழலைக் கண்டு மோதியது, மூலையில் தலையைக் குத்திக்கொண்டு நடுங்கியது. பார்க்கச் சகிக்காமல் கூடத்து அலமாரியிலிருந்து அண்ணனின் சங்கை அவள் எடுத்து வந்தாள். இளைஞனாக இருந்தபோது யாரோ முத்துக்குளிக்கிறவரிடம் அவன் வாங்கியது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய சங்கு, வாய்ப்புறம் ரோஜா நிறம். இத்தனை ஆண்டும் அலமாரிக்குள்ளேயே இருந்தது, நோய்த் தொட்டியின் நீர் ஒரு சொட்டும் அதன்மேல் பட்டதில்லை. என்றாலும் கொதிக்கவைத்து, தேய்த்து, வெயிலில் காயவைத்துத்தான் இறக்கினாள். கல் அல்ல, மணல் அல்ல. கட்டளையின் எழுத்தும் தவறவில்லை, கருத்தும் தவறவில்லை. துரை அதைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு, அந்த ரோஜா வாய்க்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு அமைதியாயிற்று. தொட்டியின் முன் மண்டியிட்டிருந்த அவளுக்குக் கண் நிறைந்தது. அண்ணனின் மீன் அண்ணனின் சங்குக்குள். இதை மதினி செய்தாளா? தோன்றியிருக்குமா அவளுக்கு?

காலடி. வெறும் காலின் ஈரம் தரையில் ஒட்டிப் பிரியும் ஓசை. அது நடைவழிக்கு வந்தது, கட்டிலருகில் நின்றது. ஜெசிந்தா மூச்சை ஒரு முறை தடுக்கவிட்டாள். மேலே மதினியின் மூச்சும், புளியும் மஞ்சளும் கலந்த அவள் கையின் மணமும். "ஜெசி" என்று மிக மெல்ல ஒரு குரல். "தூங்குதா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அவள் குனிந்து, கட்டிலின் காலடியில் கிடந்த போர்வையை இழுத்து ஜெசிந்தாவின் பாதத்தின்மேல் போட்டாள். இந்த வேக்காட்டில் போர்வை எதற்கு? எழுந்தால் கால் சிக்கிக்கொள்ளட்டும் என்றா? கதவு கீச்சிட்டது. இமையிடுக்கின் வழியே ஜெசிந்தா பார்த்தாள்: மதினியின் முதுகு, அவிழ்ந்த கொண்டை, மூடியின் பக்கம் குனிகிற கழுத்து, நகத்தால் எதையோ பதமாகக் கிள்ளி எடுக்கும் இரண்டு விரல்கள். நூல்! அதை எடுத்துத் தொலைந்துவிடாமல் தன் ரவிக்கையின் தோளில் ஒட்டிவைத்துக்கொண்டாள், தையற்காரியைப்போல. அலமாரியின் கைப்பிடி இறங்கியது. புட்டியின் திருகுமூடி திறந்தது. ஜெசிந்தா போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னறை வாசலுக்கு வந்தாள். உள்ளே அந்தக் குரல் மீனோடு பேசிக்கொண்டிருந்தது: "என்ன துரை, மூஞ்சியக் காட்ட மாட்டீரா? குடியும். துப்பாமக் குடியும். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்." எதற்குக் கொஞ்ச நாள்?

"மதினி, கைய எடுங்க."

அமலோற்பவம் திரும்பவில்லை, புட்டியைச் சாய்த்த கை மட்டும் அப்படியே நின்றது. "தூங்கலயா நீ" என்றாள், கேள்வியாக அல்ல. "தூங்குனா நல்லாயிருந்திருக்கும் உங்களுக்கு. எத்தன நாளா நடக்கு இது? மருந்தக் கீழ ஊத்திட்டுப் பச்சத் தண்ணிய ஊத்துதீங்க. அது செத்தா வீட்டப் பூட்டிட்டுப் போயிரலாம்னுதான?" சொல்லிவிட்டாள். இத்தனை நாளாக மனத்துக்குள் செதுக்கிச் செதுக்கி வைத்திருந்த வாக்கியம், வெளியே வந்தபோது இவ்வளவு சின்னதாக இருந்தது. மதினி இப்போது திரும்பினாள். முகத்தில் பிடிபட்டவளின் கலக்கம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று, கோபத்தில் நடுங்கும் தாடை. "கீழ ஊத்துதனா? ஏட்டி, இந்தா பாரு, தொட்டியிலதான் ஊத்துதேன். நீ அளந்து அளந்து ஊத்துத, பொறவு சோதிச்சுப் பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வார. பத்தலன்னு உன் மூஞ்சியே சொல்லுது. பொறவும் ஏன் கூட ஊத்த மாட்டேங்க? நான் ஒண்ணு நெனச்சேன், சொல்லட்டா? இவ இது பொழைக்கவும் விடமாட்டா, சாவவும் விடமாட்டா, நோயாவே வச்சிருப்பா, அப்பந்தான வீட்ட யாரும் தொடமாட்டாங்க, அப்படின்னு நெனச்சேன்." தன் சந்தேகத்தின் எதிர்ச்சுவரில் இன்னொரு சந்தேகம், இதே மாவுப் பசையில், இதே நூலில் ஒட்டிக்கொண்டு இத்தனை நாளும் இருந்திருக்கிறது. "நீங்க ரோஷன்ட்ட சொன்னீங்க" என்றாள், குரல் இறங்கி. "மீனெல்லாம் போவட்டும்னு சொன்னீங்க, நான் கேட்டேன்." "கேட்டியா? கேட்டவ ஒரு வார்த்த கேக்கணும்ல என்ட்ட. அவன் வாரம் தவறாம நச்சரிக்கான். ஏட்டி, வேற என்ன சாக்கு எனக்கு இருக்கு? அந்தக் குளுருல போயி நான் என்ன செய்ய? அப்பா மீனு இருக்கு, அப்பா மீனு இருக்குன்னு சொல்லித்தான் ஒப்பேத்திட்டு இருக்கேன்." புட்டியைப் பார்த்தாள். "உங்க அண்ணனும் இப்படித்தான். வாயத் தொறந்து காட்டுவாரு, முழுங்கிட்டேம்பாரு. எங்க போவுதுன்னே தெரியாது. கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல என்னால. அதான் இதுக்காவது நானே ஊத்திரணும்னு."

தலைமாட்டில், உறைக்கும் பஞ்சுக்கும் நடுவில் என்று ஜெசிந்தாவின் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை, ஏனென்றால் அப்போது அவள் தொட்டியைப் பார்த்துவிட்டாள். காலையும் சாப்பாட்டுக்குப் பிறகும் அவள் பார்ப்பது குழலைத்தான், அட்டையைத்தான், நூலைத்தான், மீனின் துடுப்பைத்தான். தொட்டியைப் பார்த்து நாளாகிவிட்டது. பின்ஜன்னலின் வெயில் சாய்ந்து நீருக்குள் விழுந்திருந்தது. சங்கின் ரோஜா வாயைச் சுற்றி, விளிம்பு நெடுக, வரிப்பள்ளங்களில், ஒரு பச்சை. பாசியா என்று பார்த்தாள். பாசி இல்லை. செம்புப் பானையைத் துலக்காமல் போட்டால் அடிப்புறம் பூத்துவருமே, அந்தக் களிம்பு. அவளுக்குப் பாத்திரங்கள் தெரியும், செம்பு தெரியும், சுண்ணாம்பு தெரியும். முத்துச்சிப்பியையும் சங்கையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற ஊரில் பிறந்தவள். கல்லும் மணலும் ஏன் கூடாது என்று அவன் சொல்லாமல் விட்டது, அவள் கேட்காமல் விட்டது, ஒளிந்து பெருகும் கிருமிக்காக மட்டும் அல்ல. கடலின் கல்லும் மணலும் எல்லாம் சுண்ணாம்பு. சுண்ணாம்பு செம்பைக் குடிக்கும். இரண்டு பேர் ஊற்றிய மருந்தையும் நடுவில் இருந்து குடித்துக்கொண்டிருந்தது அவள் கொதிக்கவைத்து, தேய்த்து, கண்ணீரோடு இறக்கிய அந்தச் சங்குதான். பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற சாமான் மருந்தைத் தானே குடித்துக்கொண்டு, பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறது. அதன் வாய்க்குள் துரையின் முகம் இருந்தது. வெளியே தெரிந்த வாலில், உப்புத் தூவியதுபோல், இன்றும்.

சொல்லாமலும் இருந்துவிடலாம். அந்த எண்ணம் எவ்வளவு விரைவாக, எவ்வளவு சுத்தமாக வந்தது என்பதை அவளே வியந்தாள். ராத்திரி சங்கை எடுத்துத் துலக்கி அலமாரியில் வைத்துவிட்டால் போதும். மீன் மிரளுகிறது, அதனால் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை. மதினி இதற்கெல்லாம் மேலே கேட்கமாட்டாள். தவறு தொட்டியோடு போகும். ஆனால் மதினி ஊற்றுவாள். பகலில் ஒரு முறை, தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு, பரிவோடு போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு, அவள் ஊற்றுவாள். குடிக்கச் சங்கு இல்லாத நீரில் இரண்டு பேரின் மருந்தும் அப்படியே நிற்கும். மூன்றாம் கட்டத்தைத் தாண்டி நான்காம் கட்டத்துக்குப் போகும். துரை ஒரே நாளில் வெள்ளையாகப் புரண்டு மிதக்கும். அப்போது அதைக் கொன்றது யார்? மதினியின் கை இன்னும் புட்டியைச் சாய்த்தபடியே இருந்தது. புட்டியின் வாயில் ஒரு நீலச் சொட்டு திரண்டு தொங்கியது. "ஊத்தாதீங்க" என்றாள் ஜெசிந்தா. "பொறவும் ஆரம்பிச்சிட்டியா?" "இல்ல மதினி. இந்தச் சங்க நான்தான் போட்டேன். இதுதான் மருந்தக் குடிக்கி. நீங்க இல்ல... நான்தான்." அலுவலகத்துத் தலைமை எழுத்தரிடம்கூட அவள் இந்த மூன்று சொற்களைச் சொல்லிப் பழக்கமில்லை, நின்று நின்று வந்தன. அமலோற்பவம் அவளைப் பார்த்தாள், சங்கைப் பார்த்தாள், திரும்பவும் அவளைப் பார்த்தாள். சிரிப்பாளோ என்று ஜெசிந்தா பயந்தாள். சிரிக்கவில்லை. புட்டியை மூடினாள். "எடு அத" என்றாள். "ரெண்டு கையாலயும் எடு, ஒடச்சிராத. அவரு சங்கு."

முழங்கைவரை நீருக்குள் விட்டு அவள் அதைத் தூக்கியபோது துரை சிதறி ஓடியது, கண்ணாடியில் மோதியது, மூலையில் தலையைக் குத்திக்கொண்டது. பொறுக்கத்தான் வேண்டும். சங்கின் வாயிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது, தீராததுபோல். இனி ஒருவர்தான் ஊற்றுவது, காலையில் மட்டும், ஊற்றியதும் மற்றவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. முடிவைச் சொன்னவள் மதினி. பிறகு அவள் ரவிக்கைத் தோளிலிருந்து அந்தப் பழுப்பு நூலைக் கிள்ளி எடுத்து நீட்டினாள். "இந்தா, இதையும் கொண்டு போ. முதல் நாளே உன் நூலு தண்ணிக்குள்ள விழுந்துட்டு. என்ட்ட இருந்தது மெத்த தைக்க நூலுதான். தெனமும் அதே எடத்துல திரும்ப ஒட்டி ஒட்டி எனக்குக் கண்ணே போச்சு." நூலை வாங்கிக்கொண்ட ஜெசிந்தாவுக்கு, அவமானத்தின் நடுவிலும், தடிப்பைத் தான் சரியாகவே கண்டுபிடித்திருந்தோம் என்ற ஒரு சின்னப் பெருமை எழுந்தது. அதைப் பிடித்து அமுக்கினாள்.

மறுபடியும் கட்டிலில் வந்து படுத்தாள், படுக்கச் சொன்னது மதினி. கதவு இப்போது முழுவதும் திறந்து கிடந்தது. உள்ளே மூடி திறக்கும் ஓசை கேட்டது, அவள் எழவில்லை. எழாமலிருப்பதற்கு உடம்பை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது, கட்டில் சட்டத்தைப் பற்றிய விரல்கள் வெளுத்தன, ஆனாலும் எழவில்லை. தலைமாட்டு மாத்திரைகளைப் பற்றி மதினியிடம் சொல்ல வேண்டும். நாளை. அல்லது காப்பி போடும்போது, இன்றே. "இறாலு நறுக்கிப் போட்டிருக்கேன், வாரும் துரை" என்று குரல் கேட்டது. "நாலு நாளாத் திங்கலியாம், அவ சொன்னா. எனக்காக ஒரு வாய்." குமிழ்கள். குமிழ்கள். பிறகு நீரின் மேற்பரப்பில் ஏதோ சட்டென்று கவ்வி இழுத்ததுபோல் ஒரு சின்ன ஓசை. "ஜெசி!" என்றது குரல். ஒருமுறை கேட்டதை நம்பிவிடுகிற பழக்கம் ஜெசிந்தாவுக்கு இல்லை. குமிழ் உடைந்த ஓசையாகவும் அது இருக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் இரண்டாவது ஓசைக்காகக் காத்துக் கிடந்தாள். அது வந்தது.